அடக்கமான பிள்ளை

எங்கள் றிப்னாவைப் போல அடக்கமான பிள்ளை கல்முனைக்குடியிலேயே இல்லை என்று பெண்கள் சொல்லும்போதெல்லாம் நான் பூரித்துப்போவேன். பாராட்டு அவளுக்கு என்றாலும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது நான்தான். வளர்த்தது நான் அல்லவா. இப்போது யாராவது அந்தச் சொல்லை எடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் வீட்டின் முன் அறையில் அபாயாவும் சல்வார் துணியும் வைத்து விற்கிறேன். வருகிற பெண்களில் பாதிப் பேர் துணி வாங்க வருவார்கள், மீதிப் பேர் கதைக்க வருவார்கள். யார் வீட்டில் கல்யாணப் பேச்சு, யார் மருமகனோடு கோபம், எல்லாம் என் காதுக்கு வந்துதான் ஊருக்குள் போகும். "கடையில பாதி சாமான், பாதி உன்ட வாய்" என்று என் மனுசன் ஹமீட் கேலி செய்வார். எனக்கு அதில் கோபம் இல்லை. உண்மையைத்தானே சொல்கிறார்.

அப்படிப்பட்ட வீட்டில் றிப்னா இருந்தது யாருக்கும் தெரியாது. ஆள் வந்தால் எழும்பி உள்ளே போய்விடுவாள். தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைப்பாள், கண்ணை நிமிர்த்தமாட்டாள். "சபியா, உன்ட ராத்தாட புள்ளைக்கு வாய் இரிக்கா?" என்று ஒருத்தி சிரித்துக்கொண்டு கேட்டாள். "வாய் நிறைய இரிக்கு, அடக்கமும் இரிக்கு. உன்ட மகளுக்கு முதலாவது மட்டும்தான்" என்று நான் திருப்பிக் கொடுத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். உள்ளே அடுப்படியில் நின்ற பிள்ளை சிரித்தாளா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

றிப்னா, என் கூடப்பிறந்த மூத்தவள் றாஹிலா ராத்தாவின் ஒரே மகள். அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அவளுடைய வாப்பா வியாபாரத்துக்கென்று பொலன்னறுவைப் பக்கம் போனவர், அங்கேயே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டார். பதினொரு வயதில் உம்மா குவைத்துக்குப் போனாள். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு இல்லாமல் கல்யாணம் இல்லை. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குத்தான் வந்து இருப்பார். அந்த வீடு பெண்ணின் பேரில் இருக்க வேண்டும், பார்க்கிறதுக்கும் வீடாக இருக்க வேண்டும். ராத்தாவின் பழைய ஓட்டு வீட்டைக் காட்டி எந்தக் காலத்திலும் மாப்பிள்ளை எடுக்க முடியாது. ஆகவே அதை உடைத்தோம். ராத்தா அங்கே இன்னொருவர் வீட்டைக் கூட்டித் துடைத்து அனுப்ப அனுப்ப, அதே வளவில் மேசன் பாஸ் ஜவுபர் இங்கே ஒரு புது வீட்டை எழுப்பினார். பிள்ளை என் வீட்டுக்கு வந்தாள்.

வந்த முதல் கிழமை அவள் வாயாடிதான். அதை மறைத்து என்ன பயன். என் வாடிக்கைக்காரர்களுக்கு நடுவே வந்து இருந்துகொண்டு, "எங்கட உம்மா பிளேன்ல போனா, ஜன்னலுக்குப் பக்கத்துல சீட்" என்று தொடங்குவாள். நான்தான் அவளை உள்ளே கூட்டிப் போய்ச் சொன்னேன், "பெரிய ஆக்கள் கதைக்கக்குள்ள வாய் வைக்கப்படாது. உம்மாவும் இல்லாம வாப்பாவும் இல்லாம வளர்ற பொம்புளப் புள்ள. நாளைக்கு ஒரு சொல்லு வந்தா என்னத்தான் கேப்பாங்க." இரண்டு முறை சொல்லியிருப்பேன், ஒரு முறை காதைத் திருகியிருப்பேன். பிள்ளை பாடத்தை நன்றாகப் படித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ராத்தாவுக்கு ஓய்வு. அசர் தொழுகை முடிந்ததும் வீடியோ கோல் வரும். றிப்னா போனை எடுத்துக்கொண்டு மூன்று ஒழுங்கை தள்ளியிருக்கும் புது வீட்டுக்குப் போவாள், நானும் கூடப் போவேன். வெள்ளிக்கிழமை வேலையாட்கள் வரமாட்டார்கள், ஆறுதலாகச் சுற்றிக் காட்டலாம்.

"அந்தக் கதவு நிலையக் கிட்டப் போய்க் காட்டு மகள்."

"ஓம் உம்மா."

"மறுகா அடுப்படியக் காட்டு. சிங்க் வெச்சாச்சா?"

"இல்ல உம்மா."

"எல்லுப்போல, கொஞ்சமா மேலுக்குத் தூக்கு, கூரை தெரியுதில்ல."

போனின் கண் சுவரைப் பார்க்கும். பிள்ளை அதற்குப் பின்னால் நிற்பாள். ஐந்து வருடம் அப்படித்தான். அந்த வீட்டின் எந்த மூலையில் பூச்சு வெடித்திருக்கிறது என்று குவைத்தில் இருக்கிற ராத்தாவுக்குத் தெரியும். கோல் முடிந்ததும், "உம்மாவோட நல்லாக் கதைச்சியா?" என்று கேட்பேன். "ஓம் சாச்சி" என்பாள். நான் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தவள். எனக்கே அது கதையாகத்தான் பட்டது.

வீடு முடிந்ததும் வருவேன் என்று ராத்தா சொல்லியிருந்தாள். வீடு முடிகிற நேரம் பார்த்து எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடுகளுக்கு மேல்மாடி எழும்பியது. ராத்தாவுக்கும் மேல்மாடி வேண்டும் என்று வந்துவிட்டது. இன்னும் இரண்டு வருட வேலைக்குக் கையெழுத்து வைக்கப் போகிறேன் என்றாள். "மேல ஒரு ரூம் எடுத்தா நல்ல இடத்துல மாப்பிள கேக்கலாம்" என்று நானும் ஒத்து ஊதினேன். போனைப் பிடித்துக்கொண்டு நின்றவளை இரண்டு பேரும் எதுவும் கேட்கவில்லை. அவளுடைய வீடுதான், அவளுடைய கல்யாணம்தான்.

அதற்குப் பிறகுதான் பிள்ளை கெட்டாள் என்று சொன்னால் அது பொய். முன்னமே தொடங்கியிருக்க வேண்டும், எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழும்பிவிடுவாள். தலை சீவமாட்டாள். டியூசனுக்குச் சேர்ந்து போகிற பிள்ளைகள் வாசலில் வந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள், பிறகு வருவதை விட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தால் மஃரிப் தொழுகைக்கு நான் உலுக்கித்தான் எழுப்ப வேண்டும். நான் சோம்பேறி என்றேன். போன் பார்த்துக் கெட்டுப்போகிறாள் என்று போனை வாங்கி அலுமாரியில் பூட்டி, வெள்ளிக்கிழமை கோலுக்கு மட்டும் எடுத்துக் கொடுத்தேன். அவள் கேட்கவே இல்லை. ஹமீட் கண்ணூறு என்றார், லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கி வந்தார். அதையும் மறுப்புச் சொல்லாமல் குடித்தாள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கே பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்ல நஸ்லியா டீச்சர் என்று ஒருவர் இருக்கிறார். சின்ன வயது, மெதுவான குரல். எனக்கு மெதுவாகக் கதைக்கிறவர்களைக் கண்டால் பொறுமை போய்விடும்.

"றிப்னாவுக்குக் காய்ச்சல் வருத்தமா ராத்தா? பதினேழு நாளா ஸ்கூலுக்கு வரல்லியே."

"என்ன டீச்சர் கதைக்கீங்க? ஒவ்வொரு நாளும் வெள்ள உடுப்பு ஸ்திரி பண்ணிக் குடுக்கிறன். காலம போறாள், ரெண்டு மணிக்கு வாறாள்."

டீச்சர் வரவு இடாப்பைத் திருப்பி என் பக்கம் வைத்தார். பார்த்தேன். விரல் வைத்து எண்ணினேன், பதினேழுதான்.

அதோடு விடவில்லை. சில மாதங்களுக்கு முன் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரு படிவம் கொடுத்திருந்தார்களாம், மனம் எப்படி இருக்கிறது என்று பார்க்க. றிப்னாவுடையதை எடுத்துக் காட்டினார். கவலை வந்தால் யாரிடம் சொல்வாய் என்ற கேள்விக்கு நேரே, 'ஆள் இல்லை' என்று எழுதியிருந்தாள். முத்து முத்தான கையெழுத்து.

"ரெண்டாம் தவணை ஆங்கிலப் பாடத்துல முன்னுக்கு வந்து ரெண்டு நிமிஷம் கதைக்கச் சொல்லியிரிக்காங்க. நிண்டா, வாய் தொறக்குதில்ல. புள்ளைகள் சிரிச்சிட்டாங்க. ஊமைச்சி எண்டு பேரும் வெச்சிட்டாங்க" என்றார் டீச்சர். "கதைக்கிறதும் ஒரு பழக்கம்தானே ராத்தா. எனக்கு ஏலா எண்டு சொல்ல, உதவி எண்டு கேக்க, இதெல்லாம் சின்னனுலயிருந்து பழகி வரோணும். ஊட்டுல ஆரோட கதைப்பா?"

என்னை விசாரிக்கிறாளே என்று எனக்குக் கோபம் ஏறியது. "என்ட ஊட்டுல கதைக்கா பஞ்சம்?" என்று கேட்டுவிட்டு எழும்பி வந்துவிட்டேன். படி இறங்கும்போது என் மூளையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். பையன். பதினேழு நாளும் ஒரு பையனோடு சுற்றியிருக்கிறாள். அடக்கமான பிள்ளை என்று என்னை ஊர் முழுக்கப் பீற்ற வைத்துவிட்டு.

அடுத்த நாள் காலை அவளை அனுப்பிவிட்டுப் பின்னாலேயே போனேன். பள்ளிக்கூடத்துக்குத் திரும்புகிற சந்தியில் அவள் திரும்பவில்லை. நேரே நடந்தாள். முதல் ஒழுங்கை, இரண்டாவது ஒழுங்கை, பிறகு புது வீட்டின் தகரப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். சரிதான், சொந்த வீட்டிலேயே வைத்துச் சந்திக்கிறாளா என்று நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன். உண்மையாகவே எடுத்தேன்.

முற்றத்தில் ஜவுபர் சாந்து குழைத்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் சந்தோசமாக, "வாங்க தங்கச்சி, மேல தட்டுக்குக் கம்பி கட்டத் தொடங்கிட்டம்" என்றார்.

"புள்ள எங்க காக்கா?"

"உள்ளுக்குத்தான், பின் ரூமுல. எந்த நாளும் இந்த நேரத்துக்கு வந்திருவா."

"எந்த நாளுமா? ஸ்கூல் உடுப்போட ஒரு குமரு எந்த நாளும் வந்து இரிக்கி, என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லக்கூடாதா?"

ஜவுபர் கரண்டியைக் கீழே வைத்தார். என் கேள்வி அவருக்கு விளங்கவில்லை. "அவட ஊடுதானே தங்கச்சி. ஊட்டுக்காரி வந்து அவட ஊட்டப் பாக்கிறத்துக்கு நாம என்னத்தச் சொல்ற? நாங்க கூலிக்காரர். தேத்தண்ணி குடுத்தா குடிக்கமாட்டா. ஒரு கரைச்சலும் இல்ல. தங்கமான புள்ள."

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எங்கள் ஊரில் யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். நானும்தான்.

பின் அறையில் பையன் யாரும் இல்லை. றிப்னா பூசாத தரையில், புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி இருந்தாள். புத்தகம் திறக்கவில்லை. கையில் எதுவும் இல்லை. அழவும் இல்லை. பழைய வீட்டில் அவளும் உம்மாவும் ஒரே பாயில் படுத்த அறை அந்த மூலையில்தான் இருந்தது. அது எனக்கு அப்போது நினைவு வரவில்லை. எனக்கு வந்தது ஆத்திரம் மட்டும்தான். ஓங்கி ஒன்று கன்னத்தில் வைத்தேன். இன்னொன்றும் வைத்தேன்.

அவள் கன்னத்தைத் தடவக்கூட இல்லை.

"அடிங்க சாச்சி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சண்டைக்காகவும் சொல்லவில்லை. "எனக்கு ஒண்டும் நோகுதில்ல."

பதினாறு வயதில் நான் உம்மாவிடம் அடி வாங்கினால் கடற்கரை வரைக்கும் கேட்கக் கத்துவேன். இந்தப் பிள்ளை என் கையை மரக்கட்டை மாதிரி வாங்கிக்கொண்டு இருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் சிமெந்துத் தூளில் குந்தினேன்.

"இஞ்ச வந்து என்ன புள்ள செய்யிறாய்?"

மடியில் இருந்த பையை இறுக்கிக்கொண்டு சொன்னாள். "இஞ்ச ஆரும் என்னைக் கதைக்கச் சொல்லமாட்டாங்க."

திரும்பவும் பள்ளிக்கூடத்துக்குப் போய், டீச்சரிடம் மன்னிப்புக் கேட்காமலேயே ஒரு கடிதத் துண்டு எழுதி வாங்கிக்கொண்டு, பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மனநோய்க்குப் பார்க்கிற கிளினிக். தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று முந்தானையை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டேன். டொக்டர் பவிதரன் றிப்னாவைப் பார்த்துக் கேட்டார், நான் பதில் சொன்னேன். நித்திரை வருதா என்றார், நல்லாப் படுக்கிறாள் என்றேன். சாப்பாடு எப்படி என்றார், சாப்பாட்டுக்கு எங்கட வீட்டில் குறை இல்லை என்றேன். உங்களுக்கு எது விருப்பம் தங்கச்சி என்றார், அவள் அடக்கமான பிள்ளை, ஒன்றும் கேட்கமாட்டாள் என்றேன்.

டொக்டர் பேனையை வைத்துவிட்டு, "நீங்க எல்லுப்போல வெளியில இருங்க" என்றார்.

வெளியே ஒரு மர வாங்கில் இருந்தேன். கோபம்தான். ஒரு மணித்தியாலம். அந்த வாங்கில் இருந்துகொண்டுதான் ஒன்றை எண்ணிப் பார்த்தேன். இந்த ஐந்து வருடத்தில் அந்தப் பிள்ளையிடம் நான் எத்தனை ஆயிரம் வார்த்தை சொல்லியிருப்பேன். அவள் சொன்னதில் எனக்கு நினைவு இருப்பது எது? பிளேன், ஜன்னலுக்குப் பக்கத்துச் சீட். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். இது மன அழுத்த நோய், குணப்படுத்தலாம், மருந்து எடுக்க வேண்டும், கிழமைக்கு ஒரு முறை வந்து கதைக்க வேண்டும் என்றார் டொக்டர். அவளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மற்றதையும் சொன்னார். இரவு படுக்கும்போது, காலையில் கண் விழிக்காமல் போனால் நல்லது என்று நினைத்துத்தான் படுக்கிறாளாம். பல மாதமாக. "தனிய விடாதீங்க. தாய்க்குக் கட்டாயம் தெரியோணும்" என்றார்.

அப்படி நினைப்பதே ஹறாம் என்றுதான் எனக்கு முதலில் வாயில் வந்தது. வெட்கக்கேடு. என் வீட்டில், என் கூப்பிடு தூரத்தில் படுத்துக்கொண்டு ஒரு பிள்ளை ஒவ்வொரு நாளும் மௌத்தைக் கேட்டிருக்கிறது. நான் காலையில் உலுக்கி எழுப்பி, சோம்பேறி என்று ஏசியிருக்கிறேன். டொக்டருக்கு முன்னாலேயே அழுதேன்.

ராத்தா அடுத்த கிழமை கையெழுத்து வைக்க இருந்தாள். சொன்னால் வருவாள், மேல்மாடி கம்பியோடு நிற்கும். சொல்லாவிட்டால் இரண்டு வருடம். ஹமீட் சொல்ல வேண்டாம் என்றார். "மெண்டல் எண்டு ஒரு பேர் வந்தா மறுகா இந்தப் புள்ளைக்கு மாப்பிள வருமா? மருந்தக் குடுப்பம், சுகம் வந்திரும்." நான் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். என் ஆயுளில் அவ்வளவு நேரம் மூடியிருந்தது அப்போதுதான். மூன்று நாளும் அவள் மூச்சு விடுகிறாளா என்று பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இனி ஏலாது என்று ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை புது வீட்டுக்குப் போகவில்லை. நான் தனியாக எங்கள் வீட்டு வளவுக்குள் நின்று ராத்தாவோடு கதைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், நான் அடித்ததையும் சொன்னேன்.

"அவளுக்கு என்ன குற சபியா?" என்று ராத்தா கத்தினாள். "ஒரு ராசாத்திக்குக் கட்டுற மாதிரி ஊடு கட்டிக்கிட்டு இரிக்கன். என்னோட நல்லாத்தானே கதைக்கிறாள். ஒவ்வொரு கிழமையும் கதைக்கிறாளே!"

"ராத்தா, அவள் கடைசியா உங்களிட்ட என்ன கேட்டாள்? ஒண்டச் சொல்லுங்க. ஒரு சொல்லு."

போனில் குவைத் வீட்டு ஏசியின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ராத்தா அழத் தொடங்கினாள். நானும் அழுதேன். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்ளவில்லை.

"நான் வாறன்" என்றாள். "மேல்தட்டு கிடக்கட்டும். என்ட புள்ளைட்ட சொல்லு, வாற புதன் நான் வாறன் எண்டு."

நான் ஓடினேன். இந்தச் சொல்லுக்காகத்தானே பிள்ளை ஐந்து வருடம் சுவரைக் காட்டிக்கொண்டு நின்றாள். மருந்தும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், இதைக் கேட்டதும் முகம் மலரும் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். றிப்னா அடுப்படியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றாள்.

"மகள், உம்மா வாறா! புதன்கிழம! இனிப் போகமாட்டா!"

கோப்பையை வைத்தாள். கையைத் துடைத்தாள். முகம் மலரவில்லை. வெளிறிப்போனது. பரீட்சை மண்டபத்துக்குள் ஒன்றும் படிக்காமல் வந்து இருக்கிற பிள்ளையின் முகம் அது.

"புதனா?" என்றாள். "இன்னும் அஞ்சு நாள்தானே இரிக்கி."

"அஞ்சே அஞ்சு நாள்!"

அறைக்குள் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு கொப்பியும் பேனையும் இருந்தன. எனக்கு முன்னால் நின்று முதன்முதலாகக் கண்ணை நிமிர்த்தினாள்.

"சாச்சி, உம்மா வந்தா அவவோட என்னத்தக் கதைக்கிற?"

நான் சிரித்துவிட்டேன். "உம்மாவோட கதைக்க ஆருக்கும் பாடம் ஓணுமா புள்ள?"

"எனக்குத் தெரியா" என்றாள். "ஊடு காட்டத்தான் தெரியும். உம்மா இஞ்ச வந்தா ஊட்ட அவவே பாத்துக்குவாதானே. நீங்க நல்லாக் கதைப்பீங்க. சொல்லுங்க, எழுதிப் பாடமாக்கிறன்."

அவள் விளையாடவில்லை. கொப்பியைத் திறந்து, மேலே திகதி போட்டு, பேனையைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா எண்டு சொல்லு" என்றேன்.

எழுதினாள். அந்த முத்து முத்தான கையெழுத்தில், அவசரப்படாமல், ஒரு எழுத்தும் விடாமல். எழுதி முடித்துவிட்டு அடுத்த வரிக்கு என் வாயைப் பார்த்தாள்.

"மறுகா?" என்று கேட்டாள்.